கிணற்றடியில் சிங்கத்தைத் திருத்திய குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் கதைநூல் தெரிவுக் குழுவினருக்கும்,

ஒரு விலங்கு இன்னொரு விலங்கைப் பொய் சொல்லியோ ஏமாற்றியோ வெல்லுகிற கதைகளை மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இனிமேல் சொல்லக் கூடாது என்றும், வெள்ளிக்கிழமைக் கதை நேரத்தில் குழு ஒப்புதல் அளித்த கதைகளை மட்டுமே சொல்ல வேண்டும் என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் கிடைத்தது. அதனுடன் வந்த புதிய கதைநூலையும் முழுவதுமாகப் படித்தேன். நேரில் வந்து பேச முயன்றபோது, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, இனி விவாதிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதே நூலைச் சேலத்தில் வேறு சில பள்ளிகளும் வாங்கப் போவதாகக் கேள்விப்படுவதால், உங்களிடம் தனியாகச் சொல்ல நினைத்ததை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலையடிவாரத்தில் உள்ள உங்கள் பள்ளியில் கதை சொல்ல நீங்கள் அழைத்துத்தான் வந்தேன். அதற்காக ஊதியம் எதுவும் வாங்கியதில்லை. எனவே இந்த மடலை எழுதுவதால் நான் இழக்கப் போவதும் இல்லை, பெறப் போவதும் இல்லை.

உங்கள் நூலின் முதல் கதையே சிங்கமும் முயலும்தான். பசியோடு காத்திருக்கும் சிங்கத்திடம் முயல் தாமதமாக வருகிறது. சிங்கம் உறுமுகிறது. முயல் அதைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, தண்ணீரில் தெரியும் முகத்தைக் காட்டி, கோபம் வந்தால் நம் முகம் எப்படி மாறிவிடுகிறது பாருங்கள் என்கிறது. சிங்கம் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டு அன்று முதல் எல்லா விலங்குகளோடும் நட்பாக வாழத் தொடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டும் கிணற்றுச் சுவரில் அருகருகே உட்கார்ந்து கேரட் தின்கின்றன. படம் அழகாகவே இருக்கிறது. வரைந்தவரின் கையில் குறை இல்லை.

இந்தக் கதையை நான்காம் வகுப்பில் நான் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் வழக்கமாக எழும் சிரிப்பு எழவில்லை. சிறிது நேரம் கழித்துப் பின் பெஞ்சில் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், அப்ப நாளைக்குச் சிங்கம் என்னங்க சாப்பிடும்?" என்று கேட்டான். உங்கள் நூலில் இதற்குப் பதில் இல்லை. சிங்கம் திருந்திவிட்டது என்றேன். "திருந்துனாலும் பசிக்குமில்லைங்க?" என்றான். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைக் குழுவினர் யோசித்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கதையில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. அந்தக் கதை பசியில்தான் தொடங்குகிறது. சிங்கம் கண்ட விலங்கையெல்லாம் கொன்று குவிக்கிறது. காட்டு விலங்குகள் கூடி அதனிடம் சென்று, இப்படிக் கொன்றால் எங்கள் இனமே அழியும், உங்களுக்கும் நாளை உணவு இருக்காது, நாளுக்கு ஒருவராக நாங்களே வந்துவிடுகிறோம் என்று கெஞ்சி உடன்படிக்கை செய்துகொள்கின்றன. முயலின் முறை வருவது அதற்குப் பிறகுதான். உங்கள் திருத்திய பதிப்பில் இந்தப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. பேசித் தீர்த்துக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பழைய கதையில் விலங்குகள் பேசித்தான் பார்த்தன. அந்தப் பேச்சில் அவற்றுக்குக் கிடைத்தது, நாளுக்கு ஓர் உயிரை முறை போட்டுக் கொடுக்கும் உரிமை மட்டுமே. வலியவனும் எளியவனும் உட்கார்ந்து பேசினால், வலியவன் விரும்பாதவரை, உடன்படிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கதை அத்தனை நேர்மையாகச் சொல்கிறது. அந்த நேர்மையான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, முயல் சொன்ன பொய்யை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இது பொய்யைக் கற்பிக்கிற கதை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பொய்யையும் சற்று நெருங்கிப் பாருங்கள். முயல் தாமதமாகப் போவது ஒரு கணக்கு. பசி முற்றினால் சிங்கத்துக்கு நிதானம் தவறும். வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது, அதுதான் இந்தக் காட்டுக்கு அரசன் என்று சொல்லிக்கொள்கிறது என்பது இரண்டாவது கணக்கு. பசியை மிஞ்சுவது ஆணவம் ஒன்றுதான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த சிங்கம் கர்ஜிக்க, உள்ளிருந்து எதிரொலி இரட்டிப்பாய் வர, அது தானாகவே குதிக்கிறது. முயல் அதைத் தள்ளவில்லை. தள்ளும் வலிமையும் அதற்கு இல்லை. எதிராளியின் குணத்தைப் படிப்பது, அவன் பலவீனம் எங்கே என்று கண்டுபிடிப்பது, பயம் நெஞ்சை அடைக்கும்போதும் வாயில் வார்த்தை குழறாமல் இருப்பது ஆகிய மூன்றையும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரும் பாடம் உங்கள் நன்னெறிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

குரங்கும் முதலையும் கதையில் உங்கள் கை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது. நாவல் மரத்துக் குரங்கு நாள்தோறும் முதலைக்குப் பழம் போட்டு நட்பு வளர்க்கிறது. பிறகு முதலை அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய், உன் இதயம் வேண்டும் என்கிறது. அதை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன், முன்பே சொல்லியிருந்தால் எடுத்து வந்திருப்பேனே என்று குரங்கு சொல்ல, முதலை திரும்பிக் கரைக்கு வருகிறது. உங்கள் பதிப்பில் குரங்கு பொய் சொல்வதில்லை. நம் நட்பை நினைத்துப் பார் என்கிறது. முதலையின் கண்ணில் நீர் வழிகிறது. அதுவே குரங்கைக் கரை சேர்க்கிறது. முதலைக் கண்ணீர் என்று ஒரு வழக்கு நம்மிடம் இருப்பது குழுவில் ஒருவருக்கும் நினைவு வரவில்லையே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பழைய கதையில் நட்பு இல்லாமல் இல்லை. நட்பை முறித்தது யார் என்பதுதான் கேள்வி. பஞ்சதந்திரத்தில் நான்காம் பகுதி முழுவதும் இந்தக் கதையைச் சட்டகமாகக் கொண்டே நடக்கிறது; கரையேறிய பிறகு முதலை மீண்டும் இனிக்கப் பேசிக் கூப்பிடுகிறது, குரங்கு போக மறுக்கிறது. ஒருமுறை தப்பிய இடத்துக்கு மறுபடி போகாதே என்ற அந்தப் பிற்பகுதியை நான் ஒரு நாளும் விடாமல் சொல்லுவேன். ஏன் என்று சொல்லுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு மாலை வேளையில், மலைப்பாதையில் பேருந்திலிருந்து இறங்கிய நம் பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம், முன்பின் தெரியாத ஓர் ஆள், உன் அம்மா என்னைத்தான் கூட்டி வரச் சொன்னாள் என்று சொல்லி வண்டியில் ஏறச் சொல்லியிருக்கிறான். சுற்றிலும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு கிடையாது. அவள் அழவில்லை, ஓடவில்லை. "புத்தகப் பையைக் கடையில வெச்சிட்டு வந்துட்டனுங்க, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, வளைவு தாண்டி இருந்த தேநீர்க் கடைக்குள் போய் நின்றுகொண்டிருக்கிறாள். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தபோது வண்டி போய்விட்டது. கதைதான் அவளைக் காப்பாற்றியது என்று நான் மார் தட்டிக்கொள்ள மாட்டேன். அவள் இயல்பாகவே கெட்டிக்காரி. ஆனால் அடுத்த வாரம் அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னது, "டீச்சர், நானும் மரத்துல வெச்சிட்டேன்னுதாங்க சொன்னேன்" என்பதுதான்.

உங்கள் சுற்றறிக்கையின் அளவுகோலில் அவள் சொன்னது பொய். பாதுகாப்பு வகுப்பில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருவது, வேண்டாம் என்று உரக்கக் கத்து, ஓடு, பெரியவரிடம் சொல் என்பது. தேவையான பாடம்தான். கத்தினால் கேட்க ஆள் இல்லாத இடத்தில், ஓடினால் பிடித்துவிடக் கூடிய கால்களின் எதிரில், பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த வகுப்பில் பாடம் இல்லை. இந்தக் கதைகளில் இருக்கிறது. நேரத்தைச் சம்பாதி, எதிராளிக்கு வேண்டியதைத் தருவதாகச் சொல்லியே கரைக்கு வா, கரையேறியபின் திரும்பாதே.

இந்தக் கதைகள் ஏமாற்றைப் போற்றுகின்றன என்ற உங்கள் முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஏமாற்றை ஏமாற்று என்ற ஒரே காரணத்துக்காகப் போற்றுகிற மரபு இது என்றால், கொக்கும் நண்டும் கதையில் கொக்கு வென்றிருக்க வேண்டும். கிழட்டுக் கொக்கு, குளம் வற்றப் போகிறது, உங்களை வேறு குளத்தில் கொண்டு சேர்க்கிறேன் என்று மீன்களிடம் சொல்லி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்ப் பாறையில் வைத்துத் தின்கிறது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொய் பஞ்சதந்திரத்திலேயே குறைவு. ஆனால் அது எளியோரை ஏய்க்கும் பொய். நண்டின் முறை வரும்போது, பாறையில் குவிந்து கிடக்கும் முள்ளைக் கண்டு விஷயத்தைப் புரிந்துகொண்ட நண்டு, கொக்கின் கழுத்தைக் கவ்வி அறுக்கிறது. நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரி, நிறத்தைக் காட்டி அரசனாகிறது. தன் சொந்த இனத்தையே துரத்துகிறது. ஊளையிட்டு மாட்டிக்கொண்டு சாகிறது. ஜப்பானில் 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற பழைய நூலில் ஒரு வெள்ளை முயல் வருகிறது. உங்கள் கூட்டம் பெரிதா எங்கள் கூட்டம் பெரிதா, எண்ணிப் பார்க்கலாம், வரிசையாக நில்லுங்கள் என்று கடல் விலங்குகளிடம் சொல்லி, அவற்றின் முதுகின் மேல் ஓடிக் கடலைத் தாண்டுகிறது. கரைக்கு ஓரடி இருக்கும்போது, ஏமாந்தீர்களா என்று வாயை விடுகிறது. கடைசியில் நின்ற விலங்கு அதன் ரோமத்தை உரித்துவிடுகிறது. எந்தத் தந்திரம் தகும், எது தகாது என்பதை இந்தக் கதைகள் மிகவும் கண்டிப்பாகவே பிரிக்கின்றன. உயிர் பிழைக்கச் சொன்ன சொல் ஒரு பக்கம். பிறர் உயிரைத் தின்னவும் பெருமை பேசவும் சொன்ன சொல் மறுபக்கம். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரிகிறது. கொக்கு சாகும்போது அவர்கள் முயலுக்குச் சிரிப்பதைப் போலத்தான் சிரிக்கிறார்கள்.

உங்கள் விதியின் அபத்தம் எனக்கு அதிகம் தெரிந்தது குகைக் கதையைத் தடை செய்த இடத்தில். நரி மாலையில் குகைக்குத் திரும்புகிறது. வாசல் மண்ணில் சிங்கத்தின் காலடித் தடம் உள்ளே போயிருக்கிறது, வெளியே வரவில்லை. நரி சற்றுத் தள்ளி நின்று, "குகையே, குகையே! தினமும் நான் வந்ததும் வா என்று சொல்லுவாயே, இன்றைக்கு ஏன் பேசவில்லை?" என்கிறது. உள்ளே இருக்கும் சிங்கம், நான் இருப்பதால் குகை பயந்து வாயடைத்துப் போயிருக்கிறது என்று நினைத்துத் தானே வா என்று கர்ஜிக்கிறது. நரி ஓடிவிடுகிறது. யாரும் சாகவில்லை, யாருக்கும் காயம் இல்லை. இதில் என்ன தீங்கைக் கண்டீர்கள்? நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள், நான் கால்தடம் என்று சொன்னவுடனே, உள்ளே போன தடத்தில் நகம் எந்தப் பக்கம் இருக்கும், மழை பெய்திருந்தால் தெரியுமா என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். சேலம் நகரத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வகுப்பில் மலைப் பிள்ளைகள் ஆசிரியர்களாகிற அரிய வேளை அது. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

வேட்டை விலங்குகளைத் தீயவர்களாகக் காட்டுவது காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு எதிரானது என்பது உங்கள் இரண்டாவது காரணம். கேட்பதற்குப் புதிய சிந்தனை போல இருக்கிறது. இந்தியாவில் காட்டுச் சிங்கம் வாழ்வது குஜராத்தில் கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மட்டும்தான். நம் பிள்ளைகள் யாரும் காட்டில் அதைக் கண்டதில்லை. கதையில் சிங்கம் என்றால் அது விலங்கைக் குறிப்பதில்லை என்பதைக் கேட்ட கணத்திலேயே புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சிறுத்தை. நாயை இரவில் உள்ளே கட்டுவது, ஆட்டுப் பட்டிக்குக் கதவு போடுவது, இருட்டிய பிறகு காட்டுமாடு நிற்கும் வழியில் போகாமல் இருப்பது எல்லாம் அவர்கள் வீட்டு நடைமுறை. அவர்கள் அந்த விலங்குகளை வெறுக்கவில்லை. அவற்றுக்குரிய தூரத்தைக் கொடுக்கிறார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்பதே அந்தத் தூரத்தைக் கொடுப்பதுதான். உங்கள் நூலின் ஆறாவது கதையில் ஆட்டுக்குட்டி சிறுத்தையின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. மலையில் வளரும் குழந்தைக்கு நல்லெண்ணத்தோடு போனால் சிறுத்தை இளகிவிடும் என்று சொல்லித்தருவதைவிட ஆபத்தான பாடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே நின்று பார்த்தாலும், காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, குரங்குக்கு பிஸ்கட் நீட்டிப் படம் எடுக்கும் ஆட்களைப் பார்க்கலாம். விலங்கெல்லாம் நமக்கு நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் குரங்குகளின் பாடு என்னவாயிற்று என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்தக் கதைகளை யார், யாருக்குச் சொன்னார்கள் என்பதையும் குழு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பஞ்சதந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, படிப்பு ஏறாத மூன்று அரசகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மன் என்ற முதியவர் ஆறு மாதத்தில் அறிவு புகட்டச் சொன்ன கதைகள் என்பது. நாளைக்குச் சிங்கமாகப் போகிறவர்களுக்கு முயலின் கதையைச் சொன்னார்கள் என்று நான் அதைப் படிப்பேன். அது ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபிக்கும் போனது. தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்து 1826இல் அச்சாயிற்று. ஆனால் ஏட்டுக்கு வெளியே இவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் அரசகுமாரர்கள் அல்லர். கானா நாட்டு அகான் மக்களின் அனான்சி என்ற சிலந்தி, சிறுத்தையையும் மலைப்பாம்பையும் ஏமாற்றும் கதைகள், அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களோடு ஜமைக்காவுக்குப் போயின. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள், நரியிடம் மாட்டிக்கொண்டு, என்னை வேண்டுமானால் கொன்றுவிடு, அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சித் தப்பிக்கும் முயலின் கதையைச் சொல்லிக்கொண்டார்கள்; அந்த முட்புதர்தான் முயல் பிறந்து வளர்ந்த இடம். மலாய் நாட்டில் முதலைகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவதாகச் சொல்லி ஆற்றைத் தாண்டுவது, நம் காடுகளில் உள்ள சருகுமானுக்கு உறவான ஒரு சின்னஞ்சிறு விலங்கு. உரக்கப் பேசினால் சவுக்கடி விழும் இடத்தில் இருந்தவர்கள், முதலாளியின் காதுபடவே சொல்லிச் சிரிக்க முடிந்த கதைகள் இவை. அவர்களிடம் போய், உங்கள் முயல் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லுவீர்களா?

நம் வகுப்பறையும் அவ்வளவு தூரத்தில் இல்லை. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் பிள்ளைகளும், தோட்டம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் உங்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். கதை நேரத்தில் மகளை அழைத்துப் போக வந்து வாசலில் நின்றிருந்த ஒரு தாய், முயல் தாமதமாக வந்ததற்குச் சொன்ன காரணத்தைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். பறித்த பழத்துக்கு எடை போடும் இடத்தில் நின்று பழகியவருக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பாட்டி சொன்ன ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்; உங்கள் விதிப்படி அதுவும் இனி வகுப்புக்குள் வர முடியாது. மந்தையை விட்டுப் பிரிந்த கிழட்டு வெள்ளாட்டுக் கிடா ஒன்று மழைக்கு ஒதுங்கிப் புலியின் குகைக்குள் போய்விடுகிறது. புலி வந்து பார்க்கிறது. இருட்டில் இரண்டு கண், இரண்டு கொம்பு, நீளமாய் ஒரு தாடி. கிடாவுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஆனாலும் தாடியை ஆட்டிக்கொண்டு, பத்து யானையும் இருபது புலியும் தின்பதாக வேண்டுதல், யானை முடிந்தது, புலியில் நாலு குறைகிறது என்கிறது. புலி ஓட்டம் பிடிக்கிறது. வழியில் நரி மறித்து, அது வெறும் ஆடு, வா போகலாம் என்கிறது. நம்பிக்கை இல்லாத புலி, நரியின் வாலையும் தன் வாலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறது. கிடா குகை வாசலில் நின்று, "ஏய் நரி, நாலு புலி கொண்டு வர்றேன்னு முன்பணம் வாங்கிட்டுப் போய் ஒண்ணே ஒண்ணை இழுத்துட்டு வர்றியா?" என்று அதட்டுகிறது. அவ்வளவுதான், புலி காடு மேடெல்லாம் நரியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முன்பணம் என்ற சொல் வரும்போது என் பாட்டி குரலை மாற்றுவார். முன்பணம் வாங்கிவிட்டுத் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்களைப் பார்த்த தலைமுறை அது. இந்தக் கதையில் புலியிடம் நடுங்கும் எளிய உயிர் வெல்லுகிறது, புலிக்குத் தரகு பார்த்த நரி அடிபடுகிறது. இதைவிட நுணுக்கமாக அரசியல் சொல்லித்தர எனக்குத் தெரியாது. இதைக் குழு ஒப்புதலுக்கு அனுப்பினால் எந்த வரியில் சிவப்பு மை விழும் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

பழைய கதைகளில் எதையுமே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குரங்கும் முதலையும் கதையில் இதயம் கேட்பவள் முதலையின் மனைவி. அந்தச் சாக்கில் பெண்களைப் பழித்துப் பல அச்சுப் பதிப்புகளில் வரும் வரிகளை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரை மூடராகவோ பேராசைக்காரராகவோ காட்டும் இடங்களும் உண்டு, அவையும் வேண்டாம். அவற்றை நீக்கினால் கதையின் முதுகெலும்பு முறிவதில்லை. எளிய உயிர் வலிய உயிரை வெல்லும் அந்த ஒரு திருப்பத்தை நீக்கினால் கதையே மிஞ்சாது. விந்தை என்னவென்றால், உங்கள் நூலில் நான் சொன்ன பழிச்சொற்கள் இரண்டு இடத்தில் அப்படியே இருக்கின்றன. முயலின் தந்திரம் மட்டும்தான் போய்விட்டது.

இனி, நான் வேண்டுவது என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதை நேரத்துக்கான சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எந்த வயதுக்கு எந்தக் கதை என்பதைக் கதை சொல்பவரும் வகுப்பு ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், புகார் வந்தால் அந்தக் கதையை வைத்து நேரில் பேசலாம். புதிய நூலைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. அச்சிட்ட செலவு உங்களுடையது. ஆனால் அதன் அட்டையில் இவை மாற்றி எழுதப்பட்ட கதைகள் என்று பிள்ளைகளும் படிக்கும்படி அச்சிட்டு ஒட்டுங்கள். மாற்றப்படாத கதைகள் உள்ள நூல்களைப் பள்ளி நூலகத்தில் அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆட்டுக்குட்டி சிறுத்தை மேல் சவாரி செய்யும் ஆறாவது கதையை மட்டும், மலைக் கிராமப் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, வகுப்பில் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தெரிவுக் குழுவில் இப்போது மலைக் கிராமத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் பெற்றோர் இருவரையாவது சேருங்கள். மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையெங்கிலுமிருந்து முதியவர்கள் வருவார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களை ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கதை நேரத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் கதைகளைச் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல், அவர்கள் சம்மதத்துடன் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். எழுதிக் கொடுக்கும் வேலையை நானே செய்கிறேன்.

இந்த மடலுக்கு எழுத்து வடிவில் பதில் தர வேண்டும் என்றும், ஆண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் பெற்றோர்கள் முன்னிலையில் ஒரு கூட்டம் நடத்தி, குழுவினர் தங்கள் முடிவுக்கான காரணங்களை அங்கே விளக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் குழுவினரே பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
ஏற்காடு